ஃபைபரில் ஓடும் ஒளித்துடிப்பை மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

கொச்சியிலிருந்து கடலுக்கடியில் வரும் சேஃப் (SAFE) என்ற ஃபைபர் கேபிள் நம் பினாங்கில்தான் கரையேறுகிறது. அப்படிப்பட்ட இழைக்குள் ஒளித்துடிப்பு என்ன பாடுபடுகிறது என்பதைப் பைத்தானில் நாமே பார்க்கலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

டிஸ்பர்ஷன், அதாவது வெவ்வேறு அதிர்வெண்கள் வெவ்வேறு வேகத்தில் போவது, துடிப்பை விரிக்கும். கெர் விளைவு ஒளியின் செறிவுக்கேற்ப துடிப்பின் ஃபேஸை (அலைக்கட்டத்தை) மாற்றும். சேர்த்துத் தீர்ப்பது கடினம், தனித்தனியாக என்றால் இரண்டுமே சுலபம், அதனால் ஃபைபரைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாதித் தூரத்துக்கு டிஸ்பர்ஷன், அப்புறம் முழுத் துண்டுக்கும் கெர், மறுபடி பாதி டிஸ்பர்ஷன் என்று போக வேண்டும். இதுதான் ஸ்பிளிட் ஸ்டெப் ஃபூரியர் முறை. டிஸ்பர்ஷனுக்கு எஃப்எஃப்டி (துடிப்பை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வேக ஃபூரியர் கணக்கு) போட்டு, ஒரு பெருக்கல் செய்து, திரும்பி வந்துவிடலாம்.

1550 நானோமீட்டரில் சாதாரண ஒற்றைமுறை ஃபைபருக்கு பீட்டா-2 (டிஸ்பர்ஷனின் அளவு) கிலோமீட்டருக்குச் சுமார் −21.7 சதுர பிக்கோவினாடி, காமா (கெர் விளைவின் அளவு) ஒரு வாட்டுக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1.3.

நிரலை எழுதி முடித்ததும் முதலில் சாலிட்டானை, அதாவது வடிவம் மாறாமல் ஓடும் துடிப்பை, ஓட்டுங்கள். 1973-இல் ஹசெகாவாவும் டாப்பர்ட்டும் ஃபைபருக்குக் கணித்துச் சொன்ன துடிப்பு அது. இழப்பு சுழியம், 10 பிக்கோவினாடி செக் (sech) வடிவம், உச்சத்திறன் 0.167 வாட்: 50 கிலோமீட்டர் போனாலும் வடிவம் அசையக்கூடாது. விரிந்துவிட்டதா? பீட்டா-2 முன்னால் உள்ள குறியைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் அதிர்வெண் வரிசையைப் பாருங்கள், பைத்தானின் கணித நூலகமான நம்பையின் (NumPy) எஃப்எஃப்டி சுழியத்தில் தொடங்கி நேர்மறை முடிந்த பிறகே எதிர்மறைக்குப் போகும். அதை 2π-ஆல் பெருக்க மறந்தால் டிஸ்பர்ஷன் ஏறக்குறைய 40 மடங்கு குறைந்துவிடும்.

துண்டின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? காமா, உச்சத்திறன், நீளம் மூன்றின் பெருக்கல் 0.01 ரேடியனைத் தாண்டாமல் வைத்தால் இங்கே 46 மீட்டர் வரும். பிறகு நீளத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், பிழை நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் நிரலில் எங்கோ தவறு.

நேரச் சாளரத்தில், அதாவது கணக்கில் எடுக்கும் கால அகலத்தில், எனக்கு இரண்டு நாள் போயிற்று. இடப்பக்கம் ஒரு சின்ன அலை தெரிந்தது, புதிய இயற்பியல் என்றே நம்பினேன். எஃப்எஃப்டிக்குச் சாளரத்தின் இரு முனைகளும் ஒட்டிக்கொண்டவை, வலப்பக்கம் வெளியேறிய ஒளி இடப்பக்கம் நுழைந்திருந்தது, அவ்வளவுதான். சாளரத்தைப் பத்து மடங்கு அகலமாக்கியதும் அலை போய்விட்டது. அகலமாக்கும்போது புள்ளிகளையும் அதே அளவு கூட்டுங்கள்.

இழப்பைக் கடைசியில் சேருங்கள். கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் என்பதை 4.343-ஆல் வகுத்து, வீச்சுக்கு அதில் பாதியைப் போட வேண்டும். 50 கிலோமீட்டர் முடிவில் ஆற்றல் சரியாகப் பத்தில் ஒன்று மிஞ்சும்.