அரளிப் பருந்து அந்துப்பூச்சி: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரளிச் செடியில் இரண்டு வகைப் பெரிய புழுக்கள் மேயும். கரும்பட்டைகளும் நான்கு இணை நீண்ட கரும் இழைகளும் உள்ளது வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் புழு. பச்சை உடல், தலைக்குச் சற்றுப் பின்னால் கருவளையமிட்ட இரண்டு நீலக் கண்புள்ளிகள், பக்கவாட்டில் வெண்புள்ளி வரிசை, வால்பக்கம் ஒரு கொம்பு என்று இருப்பது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. முன்னதை வளர்த்துப் பழகியவர்கள் பின்னதையும் அப்படியே வளர்க்கப் போய்த்தான் பெரும்பாலும் சாகவிடுகிறார்கள்.

கொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கொட்டாது, அதில் விஷமும் இல்லை. சிறு புழுவில் மெலிந்து நீண்டு கருப்பாக இருக்கும். முதிர்ந்ததில் குட்டையாகி ஆரஞ்சு நிறம் பெறும். கவனம் தேவைப்படுவது அரளிப் பாலிடம்தான். இலை பறித்த கையைக் கழுவாமல் கண்ணிலோ வாயிலோ வைக்கக் கூடாது.

உணவை நடுவில் மாற்றுவது அடுத்த தவறு. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலை எல்லாமே இதன் உணவுதான். ஆனாலும் ஒன்றில் வளர்ந்த புழு மற்றொன்றைத் தொடாமல் பட்டினி கிடக்கலாம். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதையே கடைசிவரை கொடுங்கள். சிறு புழுவுக்குக் கொழுந்து இலை வேண்டும். கிளையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகினால் வாயைப் பஞ்சால் அடையுங்கள்; இல்லாவிட்டால் புழு தண்ணீருக்குள் இறங்கி மூழ்கும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் வியர்த்து எச்சம் பூஞ்சை பிடிக்கும். எச்சத்தை நாள்தோறும் அகற்றுங்கள், மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் எடுத்த புழுவென்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே இதன் நெருங்கிய உறவான டாஃப்னிஸ் ஹைபோதஸ் உண்டு. அது பெரும்பாலும் காப்பிக் குடும்பத்து மரங்களில், மஞ்சக்கடம்பு, சின்கோனா போன்றவற்றில் மேயும். அதற்கு அரளி இலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். வளர்ந்த பூச்சியாக வந்தபின் பிரித்தறிவது எளிது: ஹைபோதஸ் கரும்பச்சையாக இருக்கும், முன்னிறகின் நுனியில் சிறு வெள்ளைப் புள்ளி தெரியும்.

அதிகம் புழுக்கள் இழக்கப்படுவது கூட்டுப்புழு ஆகும் கட்டத்தில். ஏழெட்டு செ.மீ. வளர்ந்த பச்சைப் புழு திடீரெனத் தின்பதை நிறுத்தும், முதுகு பழுப்பாகும், ஈரமாகக் கழியும், டப்பாவைச் சுற்றி ஓயாமல் ஓடும். நோய் என்று நினைத்துப் பலர் இந்த நேரத்தில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நோயுற்ற புழு துவண்டு தொங்கும், கருநீர் வடியும், நாறும். விறைப்பாக ஓடும் புழு தரையைத் தேடுகிறது. வெண்புள்ளிக் கருப்பனைப் போல இது இலையடியில் வெள்ளிக்கூடாகத் தொங்காது. செடியைவிட்டு இறங்கிச் சருகுக்கு அடியில் மெல்லிய பட்டிழை பின்னி அதற்குள் கூட்டுப்புழுவாகும். வெறும் டப்பாவில் அதற்கு வழியில்லாமல் அலைந்தே களைத்துப்போகும். அடியில் 5 செ.மீ. அளவுக்கு லேசாக ஈரமான மண்ணும், மேலே காய்ந்த சருகும் போடுங்கள். பிடித்துப் பார்த்தால் மண் உருண்டையாக வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது.

பிறகு ஒரு வாரத்துக்குக் கிளறவே கூடாது. புதிய கூட்டுப்புழுவின் தோல் மென்மையானது; விரல் பட்டாலே கிழியும், உருக்குலையும். நன்றாக இறுகியபின் வெளிர்பழுப்பில், பக்கங்களில் கரும்புள்ளிகளோடு இருக்கும். வெப்பமான ஊரில் சுமார் இரண்டு வாரத்தில் பூச்சி வரும், குளிரில் தாமதமாகும். பூச்சிக்குப் பதில் ஈயோ குளவியோ வந்தால் உங்கள் பராமரிப்பில் பிழையில்லை, காட்டிலேயே ஒட்டுண்ணி முட்டையிட்டிருக்கிறது. இதனால்தான் முட்டையாகவோ மிகச் சிறு புழுவாகவோ எடுப்பது நல்லது.

வெளிவந்த பூச்சிக்கு ஏறிப் பிடிக்கச் சொரசொரப்பான ஒரு குச்சி கட்டாயம் வேண்டும். 9 முதல் 11 செ.மீ. வரை விரியும் இறகு அது. தொங்கினால்தான் சரியாக விரியும். வழவழப்பான சுவரில் வழுக்கி விழுந்தால் இறகு மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. அப்போது சொட்டும் நிறநீர் ரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இறகு இறுகச் சில மணி நேரம் விடுங்கள். அந்தி மயங்கியபின் விளக்குகளை அணைத்துவிட்டு, பூக்கள் உள்ள பக்கமாகத் திறந்துவிடுங்கள்.