பழைய எஞ்சினுக்கு ஆயில் அடிட்டிவ்: எங்கே பலிக்கும், எங்கே வீண்

அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் எல்லாம் நல்ல ஆயிலிலேயே அளவாகச் சேர்ந்திருக்கும். அதற்குமேல் ஒரு பாட்டில் அடிட்டிவ் (ஆயிலோடு கலக்கும் கூடுதல் மருந்து) ஊற்றுமுன் கோளாறு எது என்று தெரிய வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஆயில் நிரப்புங்கள். 1000 கி.மீ. ஓடியபின் அதே கோட்டுக்கு வர எத்தனை மில்லி பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவு ஆயில் குறைந்திருக்கிறது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததும் வந்து அடங்கினால் கோளாறு வால்வ் சீலில். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். உறுதிசெய்ய, கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது) எடுத்து, கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். தேய்ந்த இரும்பை எந்த பாட்டிலும் வளர்க்காது.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் மறக்காமல் பாருங்கள். அது அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி நல்ல சீல்கூடக் கசியும். இந்தச் சின்ன வால்வ் அடைத்தது தெரியாமல் அடிட்டிவ் வாங்குபவர்களும் உண்டு!

அடிட்டிவ் உருப்படியாக வேலை செய்வது இறுகிப்போன ரப்பர் சீலில். அதை மிருதுவாக்கிக் கொஞ்சம் உப்ப வைக்கும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள ரியர் மெயின் சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருப்பதால், லேசான கசிவுக்கு முயன்று பார்க்கலாம். சில நூறு கி.மீ. பொறுக்க வேண்டும். கிழிந்த சீலுக்கு ஆகாது. வால்வ் கவர் கேஸ்கெட் என்றால் பேசாமல் மாற்றிவிடுங்கள். பாட்டில் 350 மில்லி என்றால் ஆயிலில் அந்த அளவைக் குறைத்து ஊற்றுங்கள். மேல்கோட்டை அதிகம் தாண்டினால் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், பேரிங் காயும்.

துத்தநாகம் சேர்க்கும் பாட்டில் ஃபிளாட் டாப்பெட் கேம் (வால்வைத் திறக்கும் கேம் தட்டையான டாப்பெட்டின் மேல் உரசி ஓடும் அமைப்பு) உள்ள பழைய எஞ்சின்களுக்கே. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்தால் தொடாதீர்கள், பாஸ்பரஸ் அதைக் கெடுக்கும். புகையை நிறுத்தும் பாட்டில் ஆயிலைக் கெட்டியாக்குவதோடு சரி. காரை விற்கப் போகிறவருக்கு உதவலாம், வைத்து ஓட்டுபவருக்கு உதவாது. மேனுவல் அனுமதித்தால் அடுத்த கெட்டி கிரேடு ஆயிலுக்கு மாறுவதே மேல்.

பிளஷ் (ஆயில் மாற்றுமுன் எஞ்சினின் உள் அழுக்கைக் கழுவ ஊற்றும் திரவம்) விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஆயில் மூடிக்கு அடியில் கறுப்புக் களிம்பு தடிமனாகப் படிந்திருந்தால் பிளஷ் ஊற்ற வேண்டாம். கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். நல்ல ஆயில் ஊற்றி, 3000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு இரண்டு மூன்று தடவை மாற்றினால் மெல்லக் கரையும். இடையில் ஆயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை அணைத்து, எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் பேனை (ஆயில் தொட்டியை) இறக்கிச் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள்.