கினிப்பன்றிக்கு அறுவை சிகிச்சை: பட்டினி போடுவதில் தொடங்கும் தவறுகள்

நாய்க்கோ பூனைக்கோ அறுவை சிகிச்சை என்றால் முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் உடலமைப்பு அப்படி. ஆனாலும், "காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுவாருங்கள்" என்ற அறிவுரை அதற்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. நாம் தலையாட்டிவிட்டு வந்து, இரவே புல்லையும் தண்ணீரையும் எடுத்துவிடுகிறோம். இந்தச் சின்ன உயிர் பலவீனமடையத் தொடங்குவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

கினிப்பன்றியின் குடல் நார்ச்சத்தை நொதிக்க வைத்து அதிலிருந்து சத்தெடுக்கும் குடல். உள்ளே புல் போய்க்கொண்டே இருந்தால்தான் அது அசையும். புல் நின்றால் அசைவு குறையும், வாயு சேரும், வயிறு வலிக்கும், வலிப்பதால் மேலும் சாப்பிடாது. அரை நாள் எதையும் தொடாமல் இருந்தாலே கவலைப்பட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடல் பருத்த கினிப்பன்றியாக இருந்தால், பட்டினியில் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியும் ஆபத்தும் உண்டு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தையலும் சுத்தமாக இருந்து, மூன்றாம் நாள் இறந்துபோகும் கினிப்பன்றிகளின் கதையை விசாரித்தால் பல நேரங்களில் அது குடல் நின்றுபோன கதையாகவே இருக்கும்.

ஆகவே மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இது வாந்தி எடுக்காத விலங்கு, பட்டினி அவசியமா?" கினிப்பன்றிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் முந்தைய இரவுப் பட்டினியைச் சொல்லமாட்டார். கன்னத்தில் ஒதுங்கியிருக்கும் உணவு மயக்கத்தில் தொண்டைக்குள் இறங்கக் கூடாது என்பதற்காக, கடைசி ஓரிரு மணி நேரம் மட்டும் நிறுத்தச் சொல்வார். அல்லது மயக்கம் கொடுக்கும்போது வாயைத் தண்ணீரால் சுத்தம் செய்துகொள்வார். மருத்துவமனைக்குப் போகும்போது அதற்குப் பழகிய புல், கொத்தமல்லித் தழை, குடைமிளகாய்த் துண்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கண் விழித்ததும் வாசனை தெரிந்த உணவு பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில்

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை மயக்க மருந்து கொடுக்கப்பட்ட வளர்ப்பு விலங்குகளைக் கணக்கெடுத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. மயக்கத்திலோ அதைத் தொடர்ந்த 48 மணி நேரத்திலோ இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். கினிப்பன்றிகளில் 3.8 சதவீதம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இருபத்தைந்தில் இருபத்து நான்கு பிழைத்து வருகின்றன என்பதும் இதே கணக்குதான். ஆனால் நாய்க்கு நன்றாகச் செய்வார் என்பதற்காகவே ஒருவரிடம் கினிப்பன்றியை ஒப்படைப்பது போதாது. இதற்கு முன் கினிப்பன்றிக்குச் செய்திருக்கிறாரா, மயக்கத்தின்போதும் விழிக்கும்போதும் உடல் சூட்டை எப்படிக் காப்பார், வலி மருந்து என்ன கொடுப்பார், முதல் சில மணி நேரம் யார் கவனிப்பார்கள் என்ற நான்கையும் கூச்சப்படாமல் கேட்கலாம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் எடை பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது.

"ஓய்வெடுக்கட்டும்" என்று விட்டுவிடுவது

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கும். பாவம், தூங்கட்டும் என்று தோன்றும். மனிதர்களுக்கு அது சரி. கினிப்பன்றியோ பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம், அதனால் வலியை வெளியே காட்டாது. முதுகைக் கூனிக்கொண்டு, ரோமம் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு அமைதியாக இருந்தால் அதன் பொருள் வலி. காய் நறுக்கும் சத்தம் கேட்டும் கீச்சிடவில்லை என்றால் நிச்சயமாக எதோ சரியில்லை.

தானாகச் சாப்பிடாவிட்டால் அன்று மாலையே சிரிஞ்ச் எடுத்துவிட வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றி தானாக எதுவுமே தின்னாத நிலையில், அதற்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லிலிட்டர் வரை கூழ் உணவு தேவைப்படும். அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, நடு இரவில் ஒரு வேளையையும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும். இதற்கென்றே விற்கும் 'கிரிட்டிகல் கேர்' தூள் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் அது வழக்கமாகத் தின்னும் பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் கொடுக்கலாம். தயிர்சாதம், பால், அரிசிக்கஞ்சி, குழந்தைகளுக்கான சத்துமாவு எதுவும் வேண்டாம். அன்பில்தான் கொடுக்கிறோம், ஆனால் மாவுச்சத்தும் பாலும் அதன் குடலை இன்னும் குலைத்துவிடும்.

ஊட்டும் முறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டவே கூடாது. கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். துண்டு ஒன்றைச் சுற்றி, முகம் உங்களைப் பார்க்காமல் முன்னோக்கி இருக்கும்படி மடியில் நேராக உட்காரவையுங்கள். ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சின் முனையை நறுக்கி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிக்கொண்டால் கூழ் அடைக்காது. முன்பற்களுக்குப் பின்னால், கன்னத்தின் பக்கமாக ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கேதான் சிரிஞ்ச் நுழைய வேண்டும். அரை மில்லி மட்டும் விடுங்கள். தாடை அசைந்து, மென்று, விழுங்கும்வரை காத்திருங்கள். பிறகு அடுத்த அரை மில்லி. முதலில் தலையைத் திருப்பும், கழுத்தில் வழியவிடும், பின்னங்காலால் தள்ளும். அவசரப்பட்டு இரண்டு மில்லியை ஒரேயடியாக அழுத்திவிடாதீர்கள். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகலாம். இடையிடையே கொஞ்சம் தண்ணீர். முடிந்ததும் முகவாயைத் துடைத்துவிடுங்கள், காய்ந்த கூழ் தோலைப் புண்ணாக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வயிறு மத்தளம்போல விறைத்து உப்பியிருந்தால் ஒரு சொட்டும் ஊட்டாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். வாயு அடைத்த வயிற்றில் மேலும் திணிப்பது ஆபத்து.

இரண்டாம் நாள் கொத்தமல்லித் தழையைக் கடிக்கத் தொடங்கும். பார்த்தவுடன் நமக்கு உயிர் வரும், சிரிஞ்சை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். இது மிகவும் பரவலான தவறு. தழை தின்பது நல்ல அறிகுறிதான், ஆனால் நான்கு இலையில் எடை நிற்காது. சாப்பிடுகிறதா என்பதைக் கண்ணை நம்பித் தீர்மானிக்காமல் எடையை நம்புங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசின் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து, தினமும் ஒரே நேரத்தில், ஊட்டுவதற்கு முன் பாருங்கள். இருபது முப்பது கிராம் ஏறி இறங்குவது இயல்பு. ஒரு கிலோ கினிப்பன்றியிடம் நூறு கிராம் குறைந்துவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அவ்வளவு தூரம் போகும்வரை காத்திராமல் ஐம்பதிலேயே தொலைபேசியில் அழைத்துவிடுவது என் யோசனை.

புழுக்கையும் அதே செய்தியைச் சொல்லும். கொழுத்து, நீண்டு, ஒரே அளவில் பழுப்பாக இருந்தால் குடல் ஓடுகிறது. சிறுத்து, காய்ந்து, ஒரு முனை கூராக இருந்தால் உள்ளே போவது போதவில்லை. தினமும் காலையில் பொறுக்கி எடுக்கும்போது எண்ணிக்கையையும் உருவத்தையும் கவனியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே விழவில்லை என்றால் அது அவசரம்.

மருந்துக் கடைக்குப் போகும் முன்

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் கினிப்பன்றியைக் கொன்றுவிடும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெனிசிலின் வகை, கிளிண்டமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை அதன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிட, அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்னும் கெட்ட பாக்டீரியா பெருகி நச்சைக் கக்கும். சில நாட்களில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துவிடும். 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் விஞ்ஞானி ஹோவர்டு ஃப்ளோரியின் குழு பெனிசிலினைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தது. அன்று கினிப்பன்றிகளை எடுத்திருந்தால் அந்த மருந்தையே நச்சு என்று ஒதுக்கியிருக்கக்கூடும். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்றவை கினிப்பன்றிக்குப் பொதுவாகத் தரப்படுபவை. ஆனால் எது, எவ்வளவு என்பதை மருத்துவர் மட்டுமே எழுத வேண்டும். எழுதிய சீட்டில் பெனிசிலின் வகை இருந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

வலி மருந்தை நிறுத்துவது இன்னொரு தவறு. "வலி மருந்து கெடுதல், இரண்டு வேளை போதும்" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். வலி இருக்கும்வரை அது தின்னாது, தின்னாதவரை குடல் ஓடாது. மெலாக்சிகாம் திரவம் கொடுக்கச் சொன்னால் பாட்டிலைக் கவனமாகப் படியுங்கள். நாய்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம், பூனைகளுக்கு 0.5 மில்லிகிராம் என இரண்டு அடர்த்திகளில் அது விற்கப்படுகிறது. பாட்டில் மாறிப்போனால் அளவு மூன்று மடங்காகிவிடும். "0.2 மில்லி கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் எந்த பாட்டிலில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் யோசனையே வேண்டாம்.

வைட்டமின் சி-யைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மனிதனைப் போலவே கினிப்பன்றியாலும் அதைத் தன் உடலில் உற்பத்தி செய்ய முடியாது. 1907-இல் நார்வேயில் ஆக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் இருவரும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை ஆராய முடிந்ததே கினிப்பன்றிக்கு அந்தக் குறை இருந்ததால்தான். காயம் ஆறுவதற்கான கொலாஜன் என்னும் புரதம் உருவாக இந்த வைட்டமின் வேண்டும். வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம், நோயில் 50 வரை கொடுப்பார்கள். குடிதண்ணீரில் சொட்டு மருந்தாகக் கலப்பதால் பயனில்லை. வெளிச்சத்தில் சிதைந்துவிடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும். நேராக வாயில் கொடுங்கள். பச்சைக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கிறது, தானாகத் தின்னத் தொடங்கியதும் அது கைகொடுக்கும். முயலுக்கான பெல்லட்டை வாங்கிப் போடுகிறவர்கள் அதில் வைட்டமின் சி சேர்த்திருக்க மாட்டார்கள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

புண்ணில் மஞ்சள் வேண்டாம்

மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதையும் தையலில் தொட்டுவைக்காதீர்கள். நக்கி உள்ளே தள்ளும், பொடி ஒட்டிக்கொண்டு அழுக்கைச் சேர்க்கும். காலையும் மாலையும் பார்த்தால் போதும். லேசான சிவப்பும் தடிப்பும் முதல் ஓரிரு நாள் இருக்கும். பெருத்துக்கொண்டே போனாலோ, வெளுத்த கெட்டிச் சீழ் தெரிந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஆறும்வரை குளிப்பாட்டக் கூடாது.

மரத்தூளும் வைக்கோலும் புண்ணில் ஒட்டும், குத்தும். அவற்றை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி விரித்தால் ரத்தமோ சீழோ சிறுநீரின் நிறமோ உடனே கண்ணில் படும். ஈரமானதும் மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஈ ஒரு தீராத தொல்லை. சிறுநீர் படிந்த பின்புறத்திலும் புண்ணிலும் முட்டையிட்டால் சீக்கிரமே புழு வைத்துவிடும். கூண்டின் மேல் கொசுவலை போட்டுவையுங்கள். கழுத்தைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் கூம்பு நாய்க்கு உதவுவதுபோல் இதற்கு உதவாது. பயந்து சாப்பிடாமல் போகும், தன் மென்புழுக்கையை நேரடியாக எடுத்துத் தின்று சத்து பெறும் வழக்கமும் தடைபடும். தையலைக் கடிப்பதாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுப் போடலாம்.

மயக்கத்திலிருந்து விழித்த உடல் சீக்கிரம் குளிர்ந்துபோகும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமென்றால் விலகிப்போக இடம் வேண்டும். மறுநாளே நிலைமை தலைகீழாகும். சித்திரை மாதப் பகலில் அறை 30 டிகிரியைத் தாண்டினால் அதற்கு வெப்ப மயக்கம் வரலாம்.

துணையிடமிருந்து முழுவதுமாகப் பிரித்து வேறு அறையில் வைத்தால் ஏங்கிப்போகும். கம்பி வலைக்கு இரு பக்கமும் விட்டுவிட்டால் முகர்ந்துகொண்டே இருக்கும். ஆணுக்கு விதை நீக்கம் செய்திருந்தால் மட்டும் ஆறு வாரம் பெண்ணோடு சேர்க்கக் கூடாது, அதுவரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு.

சிறுநீர்ப்பைக் கல்லுக்காக அறுவை செய்திருந்தால் ஓரிரு நாள் சிறுநீரில் சிவப்பு தெரியும். முக்கிக் கத்தியும் சிறுநீர் வராவிட்டால் இரவானாலும் பார்க்க வேண்டும், அதற்கான தொலைபேசி எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இந்தக் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், திரும்பவும் வரக்கூடியது. உடம்பு தேறட்டும் என்று முருங்கைக் கீரையையும் குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) தீவனத்தையும் அள்ளிப் போடுவது இங்கே எதிராகவே முடியும், இரண்டிலும் கால்சியம் மிகுதி. சாதாரணப் புல், நிறையத் தண்ணீர், ஈரம் நிறைந்த காய்கள் என்று மாற்றுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அடுத்த கல் சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.