இணையப் பக்கத்து அட்டவணையை எக்செலுக்குள் கொண்டுவருவது எப்படி?

இணையத்தில் பார்க்கும் அட்டவணையை மவுஸால் இழுத்து, காப்பி செய்து எக்செலில் ஒட்டுகிறீர்களா? பக்கம் நாளைக்கே மாறினால் உங்கள் ஃபைல் பழையதாகிவிடும், மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும். பக்கத்தையும் ஃபைலையும் இணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் கணினியில் எக்செல் 2019 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் போதும்.

பழகிப் பார்க்க, விக்கிப்பீடியாவில் உள்ள நாடுகளின் மக்கள்தொகைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பக்கத்தின் முகவரியை காப்பி செய்யுங்கள். அப்புறம் எக்செலில் டேட்டா தாவலுக்குப் போய் ஃப்ரம் வெப் என்பதை அழுத்தி, வரும் பெட்டியில் முகவரியை ஒட்டி ஓகே கொடுங்கள். எப்படி உள்ளே போவது என்று கேட்டால் அனானிமஸைத் தேர்ந்தெடுத்து கனெக்ட். லாகின் கேட்காத பக்கங்களுக்கு அதுவே போதும்.

அடுத்து நேவிகேட்டர் ஜன்னல் திறக்கும். பக்கத்திலுள்ள அட்டவணைகள் இடப்பக்கம் வரிசையாக இருக்கும், பல நேரம் டேபிள் 0, டேபிள் 1 என்று வெறும் எண்ணோடு. ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து வலப்பக்க முன்னோட்டத்தைப் பாருங்கள்.

வேண்டியது கிடைத்ததும் உடனே லோடை அழுத்தாதீர்கள். டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்துங்கள் (சில பதிப்புகளில் எடிட் என்று இருக்கும்). தரவைத் திருத்தும் தனி ஜன்னல் திறக்கும். பலர் தாண்டிப் போகிற இடம் இதுதான். மக்கள்தொகை எண்ணுக்குப் பக்கத்தில் [1] மாதிரி ஓர் அடிக்குறிப்பு ஒட்டியிருந்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், கூட்டல் போடும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும், விடை தப்பு என்று உங்களுக்குத் தெரியக்கூட வராது. அந்த ஜன்னலில் நெடுவரிசையின் தலைப்பில் ஏபிசி என்று இருந்தால் எழுத்து, 123 என்றால் முழு எண். ஏபிசி என்று இருந்தால், டிரான்ஸ்ஃபார்ம் தாவலில் எக்ஸ்ட்ராக்ட், அதற்குள் டெக்ஸ்ட் பிஃபோர் டிலிமிட்டர், அங்கே [ குறியைக் கொடுங்கள். அடிக்குறிப்பு போய்விடும். பிறகு அந்த ஏபிசியையே கிளிக் செய்து எண்ணாக மாற்றி, எரர் என்று ஏதாவது கட்டம் காட்டுகிறதா எனப் பாருங்கள். அப்படியே விட்டால் ஷீட்டில் அது வெற்றுக் கட்டமாகத்தான் வரும்.

எல்லாம் சரியா? க்ளோஸ் அண்ட் லோட். இனி ரிஃப்ரெஷ் ஆல் அழுத்தினால் புதுத் தரவு வந்துவிடும். ஆனால் அட்டவணைக்குள் நீங்கள் கையால் திருத்தியது அப்போது அழிந்துவிடும், அதனால் உங்கள் குறிப்புகளை வேறு ஷீட்டில் வையுங்கள்.

நேவிகேட்டரில் அட்டவணையே தென்படவில்லை என்றால், பக்கம் திறந்தபிறகு ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) மூலம் அது வருகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அந்தத் தளத்தில் சிஎஸ்வி (எக்செலில் திறக்கக்கூடிய எளிய தரவு ஃபைல்) டவுன்லோட் இருக்கிறதா எனத் தேடுங்கள், இருந்தால் அதுவே நல்ல வழி.