கேமராவை நம்பிப் படிக்கப் போகிறீர்களா? படிப்பையும் வேலையையும் தேர்வது எப்படி

"விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்ந்தால் சினிமாவுக்குப் போகலாமா?" பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும். கல்லூரியிலிருந்து தொடங்கி வேலையைத் தேடும் கேள்வி இது. வேலையிலிருந்து தொடங்கிக் கல்லூரியைத் தேடினால்தான் பதில் கிடைக்கும். எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வேலைக்கு டிகிரி கேட்கிறார்களா, எடுத்த படத்தைக் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். ஃபீஸ் கட்டுவது அதற்குப் பிறகுதான்.

டிகிரி இல்லாமல் நுழைய முடியாத இடங்கள் சில உண்டு. கல்லூரியில் பாடம் நடத்த முதுகலைப் பட்டமும், கூடவே நெட், செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் (எஃப்.டி.ஐ.ஐ.), கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்பட நிறுவனம் இரண்டிலும் மூன்றாண்டு ஒளிப்பதிவுப் படிப்புக்கு ஏதாவது ஒரு டிகிரி முடித்திருக்க வேண்டும். விஸ்காம்தான் என்றில்லை, பி.எஸ்சி. இயற்பியல் படித்தவரும் பி.காம். படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். அரசுத் துறைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் போட்டோகிராபர் பணியிடங்கள் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு, அதை மட்டும் நம்பி மூன்று வருடத்தைச் செலவழிக்கக் கூடாது.

கல்யாண வீட்டுக்காரரோ, விளம்பரப் பட இயக்குநரோ, சினிமா ஒளிப்பதிவாளரோ மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை. அப்படியென்றால் படிப்பு வீணா? இல்லை. சொந்தக் காசில் வாங்க முடியாத கருவிகளைத் தொட்டுப் பழகலாம். வாடிக்கையாளரை இழக்காமல் தப்புச் செய்து பார்க்கலாம். பிறகு பத்து வருடம் கூடவே வேலை செய்யப்போகும் நண்பர்கள் கிடைப்பார்கள். இவை மூன்றும் கிடைக்கும் கல்லூரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் படிப்பில் என்ன இருக்கிறது

பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் ஆறு செமஸ்டர் படிப்பு. சென்னை லயோலா, எம்.ஓ.பி. வைஷ்ணவ், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் எனப் பல கல்லூரிகளில் இருக்கிறது. ஓவியம், தகவல் தொடர்புக் கோட்பாடு, விளம்பரம், போட்டோகிராபி, கிராபிக்ஸ், டி.வி. தயாரிப்பு எல்லாம் கலந்து வரும். கேமராவுக்கென்று தனியாக இருப்பது பெரும்பாலும் ஓரிரண்டு தாள்களும் ஒரு இறுதி புராஜெக்டும்தான். எடிட்டிங்கா, விளம்பரமா, கேமராவா என்று இன்னும் தெளிவில்லாத பிள்ளைக்கு இது நல்ல படிப்பு. கேமரா மட்டும்தான் வேண்டும் என்று வருகிறவர் முதல் வருடத்திலேயே சலித்துப்போவார்.

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளிலும் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் உண்டு. அது பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்), அடிப்படையில் வடிவமைப்புப் படிப்பு. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

சினிமா தொழில்நுட்பம் என்று உறுதியாக முடிவு செய்துவிட்டவருக்குத் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தைத்தான் முதலில் சொல்வோம். நான்காண்டு பி.வி.ஏ. (காட்சிக்கலை இளங்கலை) பட்டம். ஒளிப்பதிவு, டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தின் நிறத்தைக் கணினியில் சீராக்குவது), ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, அனிமேஷன் என்று தனித்தனிப் பிரிவுகள். அரசு நிறுவனம் என்பதால் செலவு குறைவு, இடங்களும் குறைவு. பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் போன்ற ஒளிப்பதிவாளர்கள் சென்னைத் திரைப்படக் கல்லூரி என்று அழைக்கப்பட்ட இதே நிறுவனத்தில் படித்து வந்தவர்கள்தான். ஒளிப்பதிவு போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கேட்பது வழக்கம். அதனால் பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஸ்டில் போட்டோகிராபியை மட்டும் ஆழமாகப் படிக்க இடங்கள் குறைவு. ஊட்டி லைட் அண்ட் லைஃப் அகாடமி 2001 முதல் நடக்கிறது, அங்கே கிடைப்பது டிப்ளமோ. ஹைதராபாத் ஜவாஹர்லால் நேரு கட்டடக்கலை நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.ஏ. போட்டோகிராபி இருக்கிறது. காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) போட்டோகிராபி டிசைன் முதுகலைப் படிப்பு.

ஒளிபரப்பின் பின்னால் இருக்கும் பொறியியல், அதாவது டிரான்ஸ்மிஷன், சர்வர், நேரலை இணைப்பு ஆகியவை பிடிக்கும் என்றால் விஸ்காம் வேண்டாம். பி.இ. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்துவிட்டு சேனலுக்குப் போவது நல்லது.

ஃபீஸ் கட்டும் முன் கல்லூரியில் பார்க்க வேண்டியது

அட்மிஷன் அறையில் காட்டும் புளோர் ஸ்டூடியோவைப் பார்த்து மயங்காதீர்கள். கருவி அறைக்குப் போய், மாணவர்களுக்கு கேமரா கொடுத்து வாங்கும் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். கடந்த மாதத்தில் எத்தனை முறை கேமரா வெளியே போயிருக்கிறது, சனி ஞாயிறு கொடுக்கிறார்களா, இரவு ஷூட்டுக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். ரிஜிஸ்டரே இல்லை என்றால் பீரோ பூட்டியே கிடக்கிறது என்று அர்த்தம். அறுபது பேர் வகுப்புக்கு நான்கு கேமரா என்றால் பதினைந்து பேருக்கு ஒன்று. அதில் ஒருவர் பட்டனை அழுத்துவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்து பேருக்கு ஒரு கேமராவாவது இருந்தால்தான் கை பழகும். டிரைபாட், விளக்கு, மைக் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கேமரா வாங்கும் கல்லூரிகள் பல, மைக் வாங்க மறந்துவிடுகின்றன. ஒலி சரியில்லாத குறும்படத்தை யாரும் கடைசி வரை பார்ப்பதில்லை.

அடுத்து, மூன்றாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுத்தால் சில நேரம் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்கிறதே, ஏன்?"

பதில் இதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்.ஈ.டி.யும் டியூப் லைட்டும் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை, அதாவது வினாடிக்கு 100 முறை மின்னுகின்றன. கேமரா வாங்கிய நாளில் இருந்தபடியே வினாடிக்கு 30 பிரேம், ஷட்டர் (ஒரு பிரேமுக்கு ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/60 வினாடி என்று விட்டுவைத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டைகள் ஓடும். 25 பிரேம், 1/50 என்று மாற்றினால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழுந்து பட்டை மறைந்துவிடும். ஸ்டில்லுக்கும் இதே கதைதான். 1/500இல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் வரும், 1/100க்கு இறங்கினால் சரியாகும். மேடையின் பின்னால் வைக்கும் எல்.ஈ.டி. திரை மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அது தன் சொந்த வேகத்தில் மின்னுவதால், ஷட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்தித்தான் பட்டை மறையும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

இந்தப் பதிலில் பாதியாவது அந்த மாணவருக்குத் தெரிந்திருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. "எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாம்" என்று சொன்னால் வேறு கல்லூரி பாருங்கள்.

பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'டிகிரிக்கு இணையான' என்ற சொல் விளம்பரத்தில் இருந்தால், நாளை முதுகலையில் சேரப் போகும்போது அது செல்லாமல் போகலாம்.

படிக்கும் மூன்று வருடம்

முதல் வருடம் விலையுயர்ந்த கேமரா வாங்க வேண்டாம். பழைய கேமரா பாடி ஒன்றும் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். ஜூம் இல்லாததால் காலால் நடந்து பிரேமைத் தேட வேண்டிவரும், அந்தப் பழக்கம் கடைசி வரை உதவும். மீதிப் பணத்தை விளக்குக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் வையுங்கள்.

இரண்டாம் வருடம் முகூர்த்த நாட்களில் உள்ளூர் ஸ்டூடியோவோடு போங்கள். லைட் பிடிக்கத்தான் விடுவார்கள், பரவாயில்லை. தாலி கட்டுவது சில வினாடியில் முடிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. ஐயர் எப்போது கெட்டிமேளம் கேட்பார், மாப்பிள்ளையின் கை எந்தப் பக்கம் வரும், உறவினர் கூட்டம் எந்த நொடியில் கேமராவுக்குக் குறுக்கே எழும் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

மூன்றாம் வருடம் ஒரே துறையில் வேலைகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஸ்டில் என்றால் 15 முதல் 20 படம் போதும், அதில் ஒன்று சுமாராக இருந்தாலும் மற்றவற்றின் மதிப்பும் இறங்கும். வீடியோ என்றால் ஷோரீல், அதாவது உங்கள் வேலையின் மாதிரித் தொகுப்பு, ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சிறந்த ஷாட்டைக் கடைசிக்கு ஒளித்து வைக்காமல் முதலிலேயே போடுங்கள், பார்ப்பவர் பத்து வினாடியில் முடிவு செய்துவிடுவார். கல்லூரிப் படத்தில் நீங்கள் செய்தது என்ன என்பதை எழுதுங்கள். எட்டுப் பேர் சேர்ந்து எடுத்த குறும்படத்தை எட்டுப் பேரும் தன்னுடையது என்று ஒரே அலுவலகத்துக்கு அனுப்பினால், அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை எங்கே இருக்கிறது

சினிமாவில் ஒளிப்பதிவாளரின் உதவியாளர் குழுவில் கடைசி ஆளாகத் தொடங்க வேண்டும். லென்ஸ் பெட்டி, பேட்டரி, ரிப்போர்ட் எழுதுவது, பிறகு போகஸ் என்று படிப்படியாக மேலே வரலாம். சென்னையில் யூனிட்டில் வேலை செய்ய ஒளிப்பதிவாளர் சங்க உறுப்பினர் அட்டையும் தேவைப்படும். முதல் சில வருடம் பேட்டாவை நம்பி வாடகை கட்ட முடியாது, வீட்டாரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பலர் கவனிக்காத வேலை டேட்டா. செட்டில் கார்டிலிருந்து டிஸ்குக்கு மாற்றி, நகல் சரியாக இருக்கிறதா என்று செக்சம் (இரண்டு ஃபைலும் ஒன்றுதானா என்று காட்டும் எண்) பார்த்து, எடிட்டருக்கு அனுப்புபவரின் கையில் ஒரு நாள் படப்பிடிப்பு முழுவதும் இருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜி.பி., இரண்டு நகல் என்றால் ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். இரண்டு நகலும் திறந்து பார்த்து உறுதியாகும் வரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. நிதானமும் ஒழுங்கும் உள்ளவருக்குக் கேமரா கையாள்வதைவிட இங்கே சீக்கிரம் நல்ல பெயர் கிடைக்கும். அங்கிருந்து படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலரிஸ்ட் வேலைக்கும் போகலாம்.

நேரலையும் வளர்கிற துறை. கும்பாபிஷேகம், கட்சி மாநாடு, கல்லூரி விழா எல்லாவற்றிலும் நான்கு கேமராவும், அவற்றை மாற்றி மாற்றிக் காட்டும் ஒரு ஸ்விட்சரும் வந்துவிட்டன. இங்கே கேபிள்தான் ஆளைக் கவிழ்க்கும். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10, 15 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். மைதானத்துக்கு எஸ்.டி.ஐ. கேபிள் இழுக்க வேண்டும், அது நூறு மீட்டர் வாக்கில் தாங்கும்.

வெள்ளைப் பின்னணியில் பொருளை வைத்து எடுக்கும் கேட்டலாக் வேலை செயற்கை நுண்ணறிவால் குறைந்துவருகிறது. அதை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வராதீர்கள். நடந்ததை நடந்தபடி பதிவு செய்ய வேண்டிய திருமணம், செய்தி, நேரலை, தொழிற்சாலைப் பதிவு போன்றவற்றுக்கு ஆள் தேவை குறையவில்லை.

சொந்தத் தொழில் தொடங்கினால்

திருமண வேலைக்கு வருடம் முழுவதும் வருமானம் வராது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இருக்காது. தை, வைகாசி, ஆவணியில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அந்த மாதங்களின் தவணையும் கட்ட வேண்டும். ஆடியில் தவணை தடுமாறுவதால்தான் பலர் முதல் வருடத்திலேயே கேமராவை விற்கிறார்கள்.

எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை மணி நேரம், எத்தனை படம் திருத்தித் தருவீர்கள், ஆல்பத்தில் எத்தனை ஷீட், எத்தனை நாளில் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆல்பம் ஷீட் வழக்கமாக 12க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி (டி.பி.ஐ.) என்ற கணக்கில் அதற்கு 10,800க்கு 3,600 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து ஷீட் போட்டால் லேபிலிருந்து மங்கலாகத்தான் வரும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அந்த வாடிக்கையாளர்தான், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை. எடுத்தது நாம்தானே என்று இன்ஸ்டாகிராமில் போட்டு வம்பில் மாட்டுகிறவர்கள் உண்டு. "தேர்ந்த படங்களை எங்கள் பக்கத்திலும் போர்ட்ஃபோலியோவிலும் பயன்படுத்தலாம்" என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

டிரோன் வாங்கும் முன் 2021 டிரோன் விதிகளைப் படியுங்கள். 250 கிராம் வரை உள்ள நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் எடையுள்ளதைக் காசு வாங்கிப் பறக்கவிட, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அனுமதித்த பயிற்சி மையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வயது 18 ஆகியிருந்து பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். படிக்கும்போதே ஒரு விடுமுறையில் இதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அந்த இடம் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமா என்று அரசின் டிரோன் வரைபடத்தில் பாருங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டபம் என்றால் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். அங்கே டிரோன் ஷாட் தருவதாக முன்பணம் வாங்காதீர்கள்.