கடன் கையெழுத்தான பிறகும் வேலை தொடங்காமல் கிடப்பது ஏன்? திருகோணமலைக் குளத் திட்டங்களுக்கு ஒரு முன்னாயத்த வழிகாட்டி

உலக வங்கியோ ஆசிய அபிவிருத்தி வங்கியோ கடன் கொடுத்த திட்டம் ஒன்று பிந்தினால் எல்லாரும் கேள்வி கோரல் (டெண்டர்) நடைமுறையைத்தான் திட்டுவார்கள். ஆனால் அதற்கு எத்தனை நாள் போகும் என்பது முன்பே தெரிந்த கணக்கு. கணக்கில் வராமல் நாளைத் தின்பவை அதற்கு முந்திய வேலைகள்: அளவை, மண் எடுக்கும் இடம், காணி, ஆளணி. திருகோணமலையில் மழையும் சேர்ந்துகொள்ளும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் குளக்கட்டில் கை வைக்க முடியாது. இங்கே ஒரு மாதப் பிந்தல் என்பது ஒரு வருடம்.

எனவே திகதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வெருகல் பக்கம் நடுத்தரக் குளம் ஒன்றின் துருசையும் (நீர் திறந்துவிடும் மதகு) குளக்கட்டையும் திருத்தப்போவதாக வையுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து மே 1ஆம் திகதி ஒப்பந்தகாரர் களத்தில் நிற்கவேண்டும். விளம்பரத்துக்கு 30 நாள், மதிப்பீட்டுக்கும் அனுமதிக்கும் 35 நாள், உலக வங்கித் திட்டமானால் தோற்றவர்கள் முறையிடுவதற்கான 10 வேலை நாள் காத்திருப்பு, பிணைமுறிக்கும் கையெழுத்துக்கும் 28 நாள், முற்பணமும் இயந்திரமும் வர 21 நாள். கூட்டினால் 130 நாளுக்குக் கிட்ட வரும். அதாவது விளம்பரம் டிசம்பர் 20ஆம் திகதிக்குள் பத்திரிகையில் வந்திருக்கவேண்டும். கேள்வி திறக்கும் நாளைப் பொங்கலோடும், களம் கையளிப்பைச் சித்திரை வருடப்பிறப்போடும் மோதவிடாதீர்கள். சித்திரை இரண்டாம் வாரம் வெளியூர் வேலையாட்கள் ஊருக்குப் போனால் மாதக் கடைசியில்தான் திரும்புவார்கள்.

குளத்தில் நீர் வற்றிய ஆகஸ்ட், செப்டெம்பரில்தான் குளப்படுக்கையையும் துருசின் அடிமட்டத்தையும் சரியாக அளக்கலாம். அதைத் தவறவிட்டு, பழைய வரைபடத்தை வைத்து அளவுப்பட்டியல் (எந்த வேலை எவ்வளவு என்ற பட்டியல்) தயாரித்தால், களத்தில் மண்வேலை கூடிப்போகும். பிறகு வேலையின் அளவை மாற்ற மாற்றக் கட்டளை, விலை இணக்கம், திரும்ப அனுமதி. சிறுபோகம் முழுக்க இதிலேயே போய்விடும். ஆகவே மே மாத வேலைக்கு அளவை முந்திய ஆகஸ்ட், செப்டெம்பரில் முடியவேண்டும்.

அதே கையோடு மண் எடுக்கும் இடத்தையும் பாருங்கள். இந்த மாவட்டத்தில் வேலை முடங்குவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது. "ஒப்பந்தகாரர் தாமே தேடிக்கொள்வார்" என்று ஆவணத்தில் எழுதிவிட்டால், அவர் காட்டும் இடம் வன பரிபாலனத் திணைக்களக் காணியாக இருக்கும். பொறியியலாளரே குறைந்தது இரண்டு இடங்களைக் குறித்து, எத்தனை கனமீற்றர் கிடைக்கும், தூரம் எத்தனை கிலோமீற்றர், மண் எவ்வளவு இறுகும் என்ற சோதனையின் முடிவு என்ன என்பதை ஆவணத்தில் சேர்க்கட்டும். மண், மணல் அகழ்வதற்கு புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைக் கேள்வி கோருவதற்கு முன்பே போடுங்கள். பழைய கட்டிடச் சிதைவு உள்ள இடமானால் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிப் பதில் வாங்காமல் இயந்திரத்தை இறக்கவேண்டாம்.

வேலை நடக்கும் சிறுபோகத்தில் விதைப்பதில்லை என்ற தீர்மானம், போகத்துக்கு முன் கமக்காரரோடு நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் எடுக்கப்படவேண்டும். விதைப்பு இழக்கும் கமக்காரருக்கு என்ன ஈடு, யார் தருவது என்பதை எழுத்தில் கொண்டுபோகாமல் கூட்டத்துக்குப் போனால் தீர்மானம் வராது. வரவும் கூடாது, அது அவர்களின் சோறு. வாய்க்காலுக்குத் தனியார் காணி தேவையென்றால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டப்படி 2ஆம் பிரிவு அறிவித்தலிலிருந்து தொடங்கவேண்டும். நட்டஈட்டுப் பணம் பெரும்பாலும் கடனிலிருந்து வராது, திறைசேரிதான் தரவேண்டும். அந்த ஒதுக்கீடும், 18 சதவீத பெறுமதிசேர் வரியும் அந்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கின்றனவா என்று கணக்காளரிடம் கேளுங்கள்.

கடன் கையெழுத்தாகும்வரை கைகட்டி இருக்கவும் தேவையில்லை. கையெழுத்துக்கு முன்பே கேள்வி கோர இரு வங்கிகளும் இடம் தருகின்றன. தகுந்த செலவை, பொதுவாகக் கையெழுத்துக்கு முந்திய 12 மாதங்களுக்குள் செய்ததாக இருந்தால், கடன் தொகையில் 20 சதவீதம் வரை பின்னர் மீட்கலாம். கடன் வராமல் போனால் செலவு அரசின் தலையில். அந்த ஆபத்தைத் திறைசேரி ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வாங்குங்கள். பிந்தலுக்கு விலையும் உண்டு: ஆசிய அபிவிருத்தி வங்கியின் சாதாரண மூலதனக் கடனில் (சலுகை இல்லாத வழக்கமான கடன்) எடுக்காத தொகைக்கு ஆண்டுக்கு 0.15 சதவீதம் கட்டணம். 2 கோடி டொலர் ஒரு வருடம் சும்மா கிடந்தால் 30,000 டொலர்.

திட்டப் பணிப்பாளர், பெறுகை (கொள்முதல்) உத்தியோகத்தர், கணக்காளர் ஆகிய மூவரும் கையெழுத்துக்கு முன்பே இருக்கவேண்டும். பதவிகளுக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்கள அனுமதி தேவை, அதைக் கடைசியில் கேட்டால் நாற்காலிகள் மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும். மதிப்பீட்டுக் குழுவுக்கு மாற்று உறுப்பினர்களையும் பெயரிடுங்கள். தலைவர் இடமாற்றம் பெற்றால் எல்லாம் நின்றுவிடும். உலக வங்கித் திட்டத்தில் அந்தப் பொதி (ஒரே ஒப்பந்தமாகக் கோரும் வேலைத் தொகுப்பு), வங்கியின் இணையவழிப் பெறுகைக் கண்காணிப்பு முறைமையான 'ஸ்டெப்'பில் ஏற்றப்பட்ட பெறுகைத் திட்டத்தில் இருக்கிறதா என்று விளம்பரத்துக்கு முன் பாருங்கள்.

ஆவணத்தில் தகுதி நிபந்தனைகளை அளவோடு வையுங்கள். சிறு குளத்துக்குப் பெரிய அணைக்கட்டு அனுபவம் கேட்டால் ஒருவரோ இருவரோதான் வருவார்கள். விலை ஏறும், மீள்கோரல் வரும். பல குளங்களைப் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாகத் தனித்தனித் தொகுதிகளாக ஒரே ஆவணத்தில் கோரலாம். மேலிட அனுமதி தேவைப்படும் தொகை வரம்பைத் தவிர்க்கப் பொதியை உடைப்பது வேறு. அது கணக்காய்வில் பிடிபடும். கேள்விப் பிணைமுறி கேள்வியின் செல்லுபடிக் காலத்துக்குப் பிறகும் 28 நாள் நிற்கவேண்டும். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வேலைக்கு 1987ஆம் ஆண்டின் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். நல்ல விலைமனு இந்த ஒற்றைத் தாளால் விழுவதுண்டு, ஆகவே கேள்வி போடுவதற்கு முன் களத்தில் நடக்கும் கூட்டத்தில் உரத்துச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் வேலைத்திட்டத்தில் துருசை முதலில் வையுங்கள். மண்வேலைக்குக் கிடைக்கும் விலை நல்லதென்று ஒப்பந்தகாரர் குளக்கட்டைத்தான் முதலில் தொடுவார். துருசுக்காகக் குளக்கட்டில் வெட்டிய வாய் செப்டெம்பர் 15க்குள் மூடி இறுக்கப்படவேண்டும் என்பதை இடைக்கால முடிவுத் திகதியாக எழுதி, தவறினால் தாமதக் கட்டணம் என்றும் சேர்த்துவிடுங்கள். புல் பதிப்பதும் வாய்க்கால் பூச்சும் மழைக்குப் பிறகும் செய்யலாம்.