நரம்புக்கு நல்லதென்று பொடியும் கேப்சூலும் சேர்க்கும் முன்

கோத்தகிரியில் எங்கள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்றாவது வருடம், அத்தை சொன்னார்கள் என்று பூனைக்காலி விதைப்பொடியைப் பாலில் கலந்து இரண்டு வேளையும் கொடுத்தோம். மாத்திரையும் வழக்கம்போல ஓடியது. பத்து நாளில் அப்பாவின் கழுத்தும் வலது தோளும் தானாக நெளிய ஆரம்பித்தன. எழுந்து நின்றால் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நரம்பு டாக்டர் முதலில் கேட்டதே, "மாத்திரை தவிர வேற என்ன குடுக்கிறீங்க?"

பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபா. 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னையில் அதை விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அப்பாவின் மாத்திரையிலும் அதேதான். அப்படியானால் நாங்கள் கொடுத்தது மூலிகைத் துணை அல்ல, அளவு தெரியாத இரண்டாவது மாத்திரை. லெவோடோபா, உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற ரசாயனம் மூளையில் குறைந்துபோனதை ஈடுகட்டும். அழிந்துகொண்டிருக்கும் நரம்பணுவைக் காப்பாற்றும் என்று நிரூபணமாகவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் பொடியை நம்பி மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்து, நம் ஊர் கிரீன் டீ. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற தேயிலைச் சத்து நரம்பணுவைக் காக்கிறது என்று படிக்கிறோம். சரி, எங்கே? பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களிலும் எலிகளிலும். அதை நம்பிக் கேப்சூலுக்குத் தாவ வேண்டாம். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜியைச் சத்து மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. குன்னூர்த் தேயிலையைக் கொதிநீரில் போட்டுக் குடிப்பதற்கு அந்தப் பயம் இல்லை. ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

மஞ்சள் கேப்சூலில் மிளகுச் சத்தையும் சேர்த்திருப்பார்கள், மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற சத்து நன்றாக உட்கிரகிக்கப்படட்டும் என்று. அதே மிளகுச் சத்து ஃபெனிடோயின் என்ற வலிப்பு மாத்திரையின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். சமையலில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு கதை.

வல்லாரை விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை, எங்கே பறிக்கிறோம் என்பதுதான். கேரட் தோட்டத்துக்குக் கீழே, ஈரமான வாய்க்கால் ஓரத்தில் அது தளதளவென்று படர்ந்திருக்கும். மேலே தெளித்த மருந்தெல்லாம் மழையில் இறங்கி வருவதும் அங்கேதான். அந்தப் பூச்சிமருந்துகளில் சில நரம்பையே தாக்குபவை. வீட்டுத் தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள், கஷ்டமே இல்லை. அப்புறம், பிராமி என்ற பெயரில் வல்லாரையும் விற்கிறார்கள், நீர்ப்பிரமியும் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். வட்டமாக, ஓரம் பல்பல்லாக இருப்பது வல்லாரை இலை. சின்னதாக, தடித்து இருப்பது நீர்ப்பிரமி.

நீலகிரித் தைலத்தை மருந்தென்று உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தைகள் கொஞ்சம் விழுங்கினாலும் மயக்கமும் வலிப்பும் வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு நெற்றியில் தேய்ப்பதையும் ஆவி பிடிப்பதையும்கூடத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் பொடி டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகிறோம்.